நாலாவது கட்டம்

என் மேசை டிராயரில் ஒரு நீள நோட்டு கிடக்கிறது. சிவப்புக் காலிகோத் துணி ஒட்டிய அட்டை, முனையெல்லாம் பிய்ந்துவிட்டது. அதைத் திறந்து ஒரு தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தால், எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளின் மூக்கும் கண்ணும் தாளின் நடுவே தெரியும். ஒவ்வொரு வலப்பக்கத்திலும் நடுவில் ஒரு சன்னல் வெட்டியிருக்கிறது. வெட்டினவன் நான்தான். சன்னலுக்கு இடப்புறம் வரிசை எண்ணும் பெயரும், வலப்புறம் கையொப்பமும் அப்படியே இருக்கின்றன. நடுவில் இருந்த இரண்டு கட்டங்கள், அதாவது ஊரும் தெருவும், இல்லை. அந்தக் கட்டங்களுக்குக் கோடு கிழித்தவனும் நான்தான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் யோசித்தேன்.

நான் தாலுகா ஆபீஸில் பதிவறையில் உட்கார்ந்து தலை நரைத்தவன். ரூல்தடியும் சிவப்பு மையும் கொடுத்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம் எனக்கு. என் கையெழுத்தைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், அச்சடித்த மாதிரி இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. பருப்பு டப்பாவுக்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்ட ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். "எங்கயாவது வேலைக்குப் போங்களேன், புண்ணியமாப் போவும்" என்றாள். அப்படித்தான் சிஸ்டரிடம் போய்ச் சேர்ந்தேன்.

சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை, நர்ஸ். திசையன்விளைக்குக் கிழக்கே கடற்கரையில் பிறந்தவர். அப்பா தோணியில் போனவர். நர்ஸ் படிப்பு முடித்ததும் ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனார். அங்கேயே காலம் கழிந்து, கல்யாணம் என்ற பேச்சே எடுக்காமல், தலைமுடி வெள்ளையானதும் பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்து ஒரு பழைய வீட்டை வாங்கினார். அதன் முன்னறையில் நம் பக்கத்துச் சாமான்களாகச் சேர்த்து வைத்தார். தோணி ஆணி, நிலம் அளக்கிற சங்கிலி, காயல்பட்டினத்துக் கப்பல்காரர் ஒருவரின் தகரப் பெட்டி, ஆற்றில் வெள்ளம் வந்தபோது யாரோ எடுத்த படங்கள். வாசலில் 'ஊர் அருங்காட்சியகம்' என்று போர்டு. மியூசியம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவது அந்த முன்னறைக்காகத்தான். ஆனால் சிஸ்டர் வீடு வாங்கியது பின்னறைக்காக.

பின்னறையில் சன்னல் ஒன்றுதான். ஐரோப்பாவில் நாஜிகள் யூத மக்களைக் குழந்தை குட்டி என்று பாராமல் இலட்சம் இலட்சமாகக் கொன்ற கதை அந்த அறையில் இருந்தது. சுவரில் படங்கள். ஒரு கண்ணாடிப் பெட்டியில் மஞ்சள் துணியில் ஆறு முனை நட்சத்திரம், யூதர்கள் சட்டையில் தைத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்களே, அது. 'இது அசல் இல்லை, நான் தைத்தது' என்று சிஸ்டரே கீழே எழுதி வைத்திருந்தார். இன்னொரு பெட்டியில் நெளிந்துபோன ஒரு கரண்டி. அது அசல்.

அந்த முதியோர் இல்லத்தில் சிஸ்டர் தினமும் குளிப்பாட்டிவிட்ட அம்மா ஒருத்தி இருந்தாளாம். இடது முன்கையில், நாஜிகளின் முகாமில் பச்சை குத்தின எண். "சோப்புப் போட்டுத் தேய்க்கும்போது எண் போயிருமோன்னு மொத நாள் பைய தேய்ச்சேன் அண்ணாச்சி. அந்தம்மா சிரிச்சிட்டா. நல்லாத் தேயி, நானும் எத்தனையோ வருசமாத் தேய்க்கேன், போக மாட்டேங்குன்னா" என்று சிஸ்டர் சொல்வார். முகாமில் கரண்டி இல்லாதவர்கள் கஞ்சியை நாய் மாதிரி நக்கித்தான் குடிக்க வேண்டுமாம். அந்த அம்மா தனக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த ரொட்டியைக் கொடுத்து அந்தக் கரண்டியை வாங்கியிருக்கிறாள். சாகும்போது சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஊரில் கேலி பேசாதவர்கள் இல்லை. "தாமிரபரணிக் கரையில ஹிட்லருக்கு என்னவே வேலை?" என்று என் மச்சினன், அதாவது என் வீட்டுக்காரியின் தம்பி, டீக்கடையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்பான். நானும் சிரிப்பேன். எனக்கே முதலில் அது புரியவில்லை. ஆனால் பின்னறைக்குள் போனால் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிடுவேன். ஒரு நகராட்சி ஆபீஸ். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு குமாஸ்தா. கையில் மைப்பேனா. பக்கத்தில் பெட்டி பெட்டியாக அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு ஆள், அவன் மதம், அவன் வீடு இருக்கிற தெரு. நாஜிகள் அந்த ஊருக்குள் நுழைந்தபோது யாரையும் தேடி அலையவில்லை. இந்தப் பெட்டிகளைத் திறந்தார்கள், அவ்வளவுதான். அதை வாசித்துவிட்டும், பாவி நான், முதல் நாள் சிஸ்டரிடம் சொன்னது என்ன தெரியுமா? "என்ன இருந்தாலும் நல்ல கையெழுத்து சிஸ்டர்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "ஆமா. அவரு ஒருத்தரையும் அடிக்கல அண்ணாச்சி. ரூல்தடி முன்னால வந்துச்சு, துப்பாக்கி பொறவுதான் வந்துச்சு" என்றார்.

அந்த வாரமே நான் வருகையாளர் நோட்டுக்குக் கோடு கிழித்தேன். எண், பெயர், ஊர், தெரு, கையொப்பம். ஐந்து கட்டங்கள். வலப்பக்கம் மட்டும் எழுதி, இடப்பக்கத்தைக் காலியாக விடுவது எங்கள் ஆபீஸ் பழக்கம். சிஸ்டர் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். நாலாவது கட்டத்தில் விரலை வைத்து, "எதுக்கு அண்ணாச்சி தெரு?" என்றார்.

"சும்மா கெடக்கட்டும் சிஸ்டர். ஒரு ஒழுங்குதான்" என்றேன்.

நம் ஊரில் தெரு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? ஒருத்தன் எந்தத் தெரு என்று தெரிந்தால் அவன் யார், அவன் அப்பன் யார், அவன் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாமா கூடாதா என்பது வரை தெரிந்துவிடும். நேராகக் கேட்கக் கூசுகிறவர்கள் தெருவைத்தான் கேட்பார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் கேட்பான். வீடு வாடகைக்குக் கொடுக்கிறவன் கேட்பான். நானும் வேலையில் இருந்த நாளெல்லாம் கேட்டவன்தான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, வாய் பழகிவிட்டது. சிஸ்டர் இன்னொரு தரம் கேட்டிருந்தால் அந்தக் கட்டத்தையே அடித்துவிட்டிருப்பேன். அவர் கேட்கவில்லை. கடலோரத்தில் பிறந்து பாதி ஆயுளை வெளிநாட்டில் கழித்தவர், ஊர் வழக்கம் எனக்குத்தான் தெரியும் என்று விட்டுவிட்டார் போல.

ஒரு புதன்கிழமை நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒரு நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். கூட வர வேண்டிய டீச்சருக்குக் காய்ச்சல். பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பொம்பளையாள் வேண்டும் என்று, சத்துணவு சமைக்கிற அம்மாவை அனுப்பியிருந்தார்கள். நாற்பது வயது இருக்கும். வெளுத்த நீலச் சேலை, கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். நோட்டைத் தள்ளினேன். பெயரை எழுதினாள், எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்திக்கு இருக்கிற பெயர். ஊரை எழுதினாள். தெருக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். நான், "ம், எழுதும்மா" என்றேன். எழுதினாள்.

பின்னறையில் சிஸ்டர் நட்சத்திரத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மஞ்சள் துணியைப் பார்த்துக்கொண்டே ஒருவன் சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டான். அதைப் பார்த்து இன்னொருவன் கையைப் பின்னால் கட்டினான். மணிக்கட்டில் கலர் கயிறு. எந்தக் கலர் எந்தத் தெருப் பிள்ளைக்கு என்று நம் பக்கத்தில் பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும். சிஸ்டர் பார்த்தார், பார்க்காத மாதிரி கரண்டிக்குப் போனார். ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் கயிறு சட்டைக்குள்ளேயே பத்திரமாக இருந்திருக்கும், அதைக் கழற்ற அவர்களுக்குத் தோன்றியிருக்காது என்று அப்புறம் என்னிடம் சொன்னார்.

பிள்ளைகள் வெளியே போன பிறகும் அந்தச் சமையல்கார அம்மா கரண்டியின் முன்னாலேயே நின்றாள். பிறகு வந்து கருத்து எழுதுகிற நோட்டைக் கேட்டாள். அது தனி நோட்டு, பெயர் போட வேண்டியதில்லை. நின்றுகொண்டே எழுதினாள். அவள் போனதும் நானும் சிஸ்டரும் வாசித்தோம். அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'நானும் கரண்டி பிடிக்கிறவள். என் கரண்டியில் இருந்து சில பிள்ளைகள் வாங்குவதில்லை. பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வாங்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள். சொல்லிக்கொடுத்தவர் யார் என்று ஊருக்கே தெரியும். இந்த அம்மா ரொட்டியைக் கொடுத்துக் கரண்டி வாங்கினாள். என் கரண்டி நிறையச் சோறு இருக்கிறது.'

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. இது வெளியே போனால் வம்பு என்றுதான் முதலில் தோன்றியது. அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்று கேட்கவும் செய்தேன். சிஸ்டர் நோட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

வெளியே போயிற்று. அதற்கடுத்து வந்த யாரோ ஒரு பார்வையாளர், நல்லதுக்குத்தான் செய்தாரோ என்னவோ, அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது ஊர் ஊராகச் சுற்றியது. கீழே ஒவ்வொருவரும் ஒன்று எழுதினார்கள், 'ஊருக்கே தெரியும்' என்ற வரி தங்களைத்தான் சொல்கிறது என்று கொதித்தவர்களும் இருந்தார்கள். 'எந்த ஊர்ச் சமையக்காரி இவ?' என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. அந்த வாரம் மட்டும் நாலைந்து பள்ளிக்கூடம் வந்திருந்தது. யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை டீக்கடையில் என் மச்சினன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். போனைக் காட்டினான். "என்ன அத்தான், உங்க மியூசியம் பெரிய ஆளாயிட்டுப் போலுக்கே. யாரு எழுதுனான்னு உங்களுக்கே தெரியாதாமே? கணக்குப் பிள்ளையா உக்காந்து என்னத்தக் கிழிக்கீரு?" என்றான். சும்மா சீண்டினான். அந்தச் சீண்டலில் நான் விழுந்தேன். ஐயோ, என் வாயை அன்றைக்கே தைத்திருக்கக் கூடாதா!

"தெரியாமலா? புதன்கிழமை வந்தவ. நம்ம நோட்டுல எல்லாம் பக்காவா இருக்குவே. பேரு, ஊரு, தெரு வரைக்கும்."

டீ குடித்துவிட்டு எழுந்தேன். பத்தடி நடந்ததும் கால் நின்றுவிட்டது. என்ன சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்கே கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மச்சினன் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தான். யாருக்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே மியூசியத்துக்கு நடந்தேன். சிஸ்டரிடம் சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். நல்ல வெயில், தெருவில் ஆள் நடமாட்டம், பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம். பயப்பட வேண்டிய நேரமே இல்லை. வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. செருப்பை வாசலில் வரிசையாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். அந்த வரிசையைப் பார்த்ததும் நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, சௌக்கியமா?" என்றார் பெரியவர். "உங்க மச்சினன் சொன்னாரு, நீங்க எல்லாத்தையும் பதிவா வச்சிருப்பீயன்னு. புதன்கிழமை நோட்டைக் கொஞ்சம் பாத்துட்டுத் தாறோம். வேற ஒண்ணுமில்ல."

சிஸ்டர் உள்ளேயிருந்து வந்து நின்றிருந்தார். மச்சினன் என்ற சொல் அவர் காதில் விழுந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தாராளமாப் பாக்கலாம்" என்றார் சிஸ்டர். குரல் நோயாளிக்கு மருந்து கொடுக்கிற குரல். "இங்கன ஒரு வழக்கம் இருக்கு. வாறவங்க மொதல்ல எழுதணும். பேரு, ஊரு, தெரு. கையெழுத்தும் போட்டுருங்க. அண்ணாச்சி, பேனாவைக் குடுங்க."

நான் நோட்டின் புதுப் பக்கத்தைத் திறந்து பேனாவை நீட்டினேன். மூடி கழன்று கீழே விழுந்து உருண்டது. மூவரும் பேனாவைப் பார்த்தார்கள். யாரும் வாங்கவில்லை. நோட்டில் பெயர் ஏறினால் என்ன ஆகும் என்று என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாளைக்கு ஏதாவது நடந்தால், இன்றைக்கு இங்கே வந்தவர்கள் யார் என்பதற்கு அது சாட்சி.

"எதுக்கும்மா அதெல்லாம்" என்று சிரித்தார் பெரியவர். "நாளைக்கு வாறோம். நோட்டு பத்திரமா இருக்கட்டும் அண்ணாச்சி."

அவர்கள் போன பிறகு நான் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன், அதில் வெட்கமில்லை. சிஸ்டர் கேட்டுக்கொண்டே குனிந்து பேனா மூடியைத் தேடி எடுத்தார். "அழுறதைப் பொறவு வச்சுக்கலாம் அண்ணாச்சி. அந்த நோட்டை எடுத்துப் பையில போடுங்க. நாம அவளப் போயிப் பாக்கணும்" என்றார்.

பஸ்ஸில் நோட்டு என் மடியில் இருந்தது. ஊர் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் சாதாரணமாக, "எந்த ஊருக்கு?" என்று கேட்டார். நான் நோட்டை இறுக்கிப் பிடித்தேன். சிஸ்டர்தான் அவள் ஊரைத் தாண்டி அடுத்த ஊரின் பெயரைச் சொன்னார். அங்கேயே இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தோம்.

பள்ளி விட்டிருந்தது. அந்த அம்மா சமையல்கூடத்தைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாட்ஸ்அப் படம் அவளுக்கும் வந்திருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். நான் செய்ததை நானே சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. விளக்குமாற்றின் குச்சியை ஒவ்வொன்றாகத் தட்டி நேராக்கிக்கொண்டே இருந்தாள்.

"எம் மவ பன்னெண்டாப்பு படிக்கா சார். தெனமும் ஒத்தையில பஸ்ஸுல போயிட்டு வாறா" என்றாள். எனக்கு அந்த ஒரு பேச்சே போதுமாக இருந்தது.

சிஸ்டர் நோட்டை அவள் முன்னால் வைத்தார். "இது ஒன் உயிரு. நீ சொன்னா இப்பவே இந்த அடுப்புல போட்டுருதேன்."

அவள் நோட்டைத் திறந்து தன் பெயரைத் தேடிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "எரிச்சா நான் வரவே இல்லன்னு ஆயிருமேம்மா. வந்தேம்லா" என்றாள். "அந்தக் கரண்டிய நின்னு பாத்தேம்லா. ஊரையும் தெருவையும் மட்டும் எடுத்துருங்க. பேரு கெடக்கட்டும். இந்தப் பேருல ஆயிரம் பேரு இருக்கா."

திரும்பி வரும் வழியில் சிஸ்டர் ஒன்று சொன்னார். அந்த முகாம்களில் கடைசி நாட்களில், தோற்றுப்போகிறோம் என்று தெரிந்ததும், அதிகாரிகள் பட்டியல்களை எல்லாம் நெருப்பில் போட்டார்களாம். கொல்வதற்கு எழுதினார்கள், கொன்றதை மறைப்பதற்கு எரித்தார்கள். எண் குத்தின அந்த அம்மாவின் தங்கை பெயர் எந்தத் தாளிலும் கிடைக்கவில்லையாம். "தங்கச்சின்னு ஒருத்தி இருந்தாங்கதுக்கு நான் மட்டுந்தான் சாட்சின்னு சொல்லுவா. அதான் எரிக்கவான்னு கேக்கும்போது எனக்குக் கையெல்லாம் நடுங்குச்சு அண்ணாச்சி." அவருக்கு நடுங்கியது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே மியூசியத்துக்குப் போய்விட்டேன். ஒருத்தி பெயருக்கு நேரே மட்டும் வெட்டினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வெட்ட வேண்டும். சிஸ்டர் ரூல்தடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார், நான் பிளேடால் கீறினேன். என் ஆயுசில் எத்தனை கோடு கிழித்திருப்பேன், ஒன்றை அழித்ததில்லை. வெட்டிய துண்டுகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக்கொண்டே வந்தோம். என் அச்சுக் கையெழுத்துத் தலைப்புகள், மனிதர்கள் நம்பி எழுதிக்கொடுத்த தெருக்கள், எல்லாம் ஊறிக் கரைந்து வாளித் தண்ணீர் நீலமாகிவிட்டது. சிஸ்டர் கையை விட்டுப் பிசைந்தார். அந்த நீலம் அவர் நகக்கண்ணில் இரண்டு நாள் இருந்தது.

அவர்கள் பதினொரு மணிக்கு வந்தார்கள். அதே மூன்று பேர், அதே வரிசையில் செருப்பு. சிஸ்டர் நோட்டைத் திறந்து வைத்தார். பெரியவர் பக்கத்தைப் புரட்டினார். இன்னொரு பக்கம். சன்னலுக்குள் விரலை விட்டு அந்தப் பக்கம் ஆட்டிப் பார்த்தார்.

"யாரு வெட்டுனது?"

சிஸ்டர் வாய் திறப்பதற்குள், "நாந்தான்" என்றேன். எங்கிருந்து வந்ததோ தெரியாது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். "எழுதுனதும் நாந்தான், வெட்டுனதும் நாந்தான்."

அவர் மிச்சமிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேலே நான் எழுதிய 'பெயர்' என்ற தலைப்பைத் தடவினார். "நல்ல கையெழுத்து அண்ணாச்சி உங்களுக்கு" என்றார். பிறகு நோட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, மெதுவாகக் கேட்டார். "உங்க வீடு எங்கன? எந்தத் தெரு?"

தெரிந்துகொண்டே கேட்டார். என் மச்சினன் சொல்லாமலா இருப்பான்? ஆனாலும் நான் பதில் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி வீட்டு எண்ணோடு சொன்னேன். ஆயுசெல்லாம் மற்றவர்களிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் ஊர் சொல்லும். அடி இல்லை, வெட்டு இல்லை, போலீஸ் இல்லை. அந்தச் சமையல்கார அம்மா தானாகவே எழுதிக் கொடுத்து, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்துப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டு போனாள். மகளைக் கொஞ்ச நாள் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் படிக்க வைத்தாள். வாசலில் பைக் சத்தம் மெதுவானால் அடுப்பை அணைத்துவிட்டு நிற்பேன் என்று சிஸ்டரிடம் போனில் சொன்னாளாம். எனக்கும் அப்படித்தான். மச்சினனோடு பேச்சு நின்றுவிட்டது, என் வீட்டுக்காரிக்கு அதில் தீராத வருத்தம். காரணத்தை அவளிடம்கூட நான் முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால் அவளும் பயப்படுவாள். ஒரு வாய்ச் சவடாலுக்கு இரண்டு வீட்டில் பயம் குடியேறிவிட்டது. அதுவா ஒன்றும் நடக்கவில்லை என்பது?

சிஸ்டர் என்னை ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை. அந்தக் குமாஸ்தாவின் படத்தை நானே பின்னறையிலிருந்து எடுத்து வந்து என் நாற்காலிக்கு எதிரே மாட்டினேன். சிஸ்டர் பார்த்துவிட்டு, "அங்கன வெயில் படுமே அண்ணாச்சி, படம் வெளுத்துரும்" என்று சொல்லி, மறுநாள் சன்னலுக்கு ஒரு திரை தைத்துக் கொண்டுவந்தார். அவ்வளவுதான் அதைப் பற்றி நாங்கள் பேசியது.

போன வருசம் சிஸ்டர் போய்விட்டார். கடற்கரை மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் மணலில் அடக்கம். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தைரியசாலி யார் கையிலாவது கொடுத்திருக்கலாம். சரி, பயந்தவன்தான் கதவை ஒழுங்காகப் பூட்டுவான் என்று நினைத்தாரோ என்னவோ. நட்சத்திரத்தையும் கரண்டியையும் நான்தான் இப்போது பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சிஸ்டர் மாதிரி வராது. குமாஸ்தா படத்தைப் பற்றிச் சொல்வது மட்டும் எனக்கு நன்றாக வரும். பிள்ளைகள் சட்டைக் கையை இழுத்துவிடுவது நிற்கவில்லை. புது வருகை நோட்டில் இரண்டே கட்டங்கள். பெயர், கையொப்பம்.

போன மாதம் ஒரு மத்தியானம், ஏதோ ஒரு பள்ளிப் பிள்ளைகளோடு அந்தச் சமையல்கார அம்மா வந்தாள். முன்பக்கம் நரைத்திருந்தது. கரண்டியின் முன்னால் பிள்ளைகளை நிறுத்திவிட்டு என் மேசைக்கு வந்தாள். நோட்டைத் தள்ளினேன். பெயரை எழுதினாள். கையொப்பம் போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவை வைக்கவில்லை. கோட்டுக்கு வெளியே, வெறும் ஓரத்தில், ஊரை எழுதினாள். தெருவை எழுதினாள்.

"வேண்டாம்மா. நான் இப்ப அதைக் கேக்கதே இல்ல" என்றேன்.

"நீங்க கேட்டு எழுதல சார். நானாத்தான் எழுதுதேன்" என்றாள். "எம் மவ சொல்லுதா, நம்ம தெருவ நாமளே மறைச்சுக்கிட்டு இருந்தா, அவங்க தெரு மட்டுந்தான் ஊருல இருக்கும்னு. அவ இப்ப நர்சுக்குப் படிக்கா." பேனாவை மூடி என் கையில் கொடுத்தாள். "பயம் போயிட்டுன்னு நெனைச்சிராதீய. அது கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

டிராயரைத் திறந்தேன். பழைய நோட்டும் அதன் மேல் பிளேடும் இருந்தன. பிளேடைக் கையில் எடுத்தேன், அதைச் சொல்லாமல் மறைத்து என்ன ஆகப்போகிறது. அந்தத் தெருவின் பெயருக்குப் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். எதிரே படத்தில் குமாஸ்தா பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பிளேடைத் திரும்ப டிராயரில் போட்டேன். அப்போது வாசலில் ஒரு பைக் வேகம் குறைந்தது. அவள் எழுதிய இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, அது போகும்வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.